மஸ்னியாவின் குரல்

மர்த்தபுராவில் எங்கள் பள்ளிக்கூடத்தில் சமயப் பாடம் நடத்துபவர் மஸ்னியா. மற்றவர்கள் மரியாதையாக அவரை 'இபு', அதாவது அம்மா, என்பார்கள். அவர் குரல் உயர்ந்தால், பக்கத்து வகுப்பில் கணக்கு நடத்தும் நான் சாக்பீஸைக் கீழே வைத்துவிடுவேன். கம்ப்யூட்டர் முன்னால் மட்டும் அந்தக் குரல் அடங்கிவிடும்.

சமய ஆசிரியர்கள், பிள்ளைகள் திரையைத் தொட்டு விளையாடியபடியே படிக்கிற மாதிரி பாடம் தயாரிக்க வேண்டும் என்று கல்வித் துறையில் பயிற்சி வைத்தார்கள். மஸ்னியா துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

மஸ்னியா எடுத்துக்கொண்டது, தொழுகைக்கு முன் செய்யும் ஒளு. வாய் கொப்பளிப்பது, முகம் கழுவுவது, கால் கழுவுவது என்று படங்களை வரிசையாக இழுத்து வைக்க வேண்டும். தப்பாக வைத்தால் சத்தம் வரவேண்டும். மற்றவர்கள் எல்லாரும் மணியோசை போட்டார்கள்.

"இந்த டொய்ங்குக்கு எந்தப் பிள்ளை பயப்படும், தம்பி? என் குரலையே வச்சுக்கட்டுமா?" என்றார் மஸ்னியா.

"தாராளமா, இபு. மைக்கை மட்டும் கொஞ்சம் தள்ளி வச்சுக்குங்க, பாவம்" என்றார் பயிற்சியாளர் ஜும்பெரி. கூடமே சிரித்தது.

மஸ்னியா பதிவு செய்தார்: "ஏய்! மூஞ்சி கழுவாம காலுக்குப் போயிட்டியா? எந்த ஊரு வழக்கம் இது?"

திங்கட்கிழமை வகுப்பில் முதலில் வந்தவள் கெட்டிக்காரி ஹஃபிஸா. நேரே காலைத்தான் இழுத்து வைத்தாள். திட்டு முழங்கியது. வகுப்பு உருண்டு சிரித்தது. அடுத்தவனும் கால். அதற்கடுத்தவளும் கால். ஒருவர்கூடச் சரியாக வைக்கவில்லை.

"எல்லாம் தெரிஞ்ச கழுதைங்க! வேணும்னே பண்ணுதுங்க!" என்று வாசலில் நின்ற என்னிடம் கத்தினார் மஸ்னியா.

"திட்டு அவ்வளவு ருசியா இருக்குக்கா" என்றேன்.

முறைத்தார். ஆனால் இடைவேளையில் வாழைப்பழ பஜ்ஜியைக்கூடத் தொடாமல் யோசித்தார். பிறகு ஜும்பெரிக்கு போன் போட்டுக் கேட்டுக் கேட்டு, எல்லாவற்றையும் தானே மாற்றினார். தப்பாக வைத்தால் இனி ஒரு சத்தமும் வராது. படம் பேசாமல் பழைய இடத்துக்கே போய்விடும். சரியாக வைத்தால், பள்ளிவாசலுக்குக் கிளம்பும் தன் கணவரை மஸ்னியா விரட்டும் கூத்தில் ஒரு வரி கேட்கும். "கைலி எங்கே? தலையில இருக்கறது தொப்பியா, தலையணை உறையா?" கடைசிப் படி வரை சரியாகச் செய்தால்தான் மனிதர் வீட்டு வாசலைத் தாண்டுவார்.

பிள்ளைகள் ஒரு படிகூடத் தவறவில்லை.

தெருவில்தான் வம்பு. "கைலி கிடைச்சுதா, மாமா?" என்று கேட்டுப் பிள்ளைகள் மஸ்னியாவின் கணவரை ஒரு வழி பண்ணிவிட்டார்கள். அவர் வீட்டுக்கு வந்து, "இனிமே என்னைத் திட்டறதுன்னா மைக் இல்லாத இடத்துல திட்டு" என்றார். மஸ்னியாவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

அடுத்த பயிற்சிக்கு ஜும்பெரி மஸ்னியாவை உதவிக்குக் கூப்பிட்டார். இந்த முறை அவர் துணைக்கு என்னை அழைக்கவில்லை. மடிக்கணினியைத் தோளில் மாட்டிக்கொண்டு தனியாகவே பஸ் ஏறினார்.