கரண்ட் இருந்த பக்கம்

போன கிழமை கொழும்பில், வெள்ளவத்தைச் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு புதுக் கடைக்குச் சாமான் இறக்கினார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த மரப்பெட்டிகளை உடைத்து, காலிக்குப் போகிற வீதி ஓரமாகப் பலகைகளைக் குவித்திருந்தார்கள். முதல்நாள் மழையில் நனைந்த பலகை, அன்றைய வெயிலில் சூடேறிக் கிடந்தது. பைன் மரத்துப் பிசின் வாசம் உங்களுக்குத் தெரியுமோ தெரியாது. கொஞ்சம் சாம்பிராணி, கொஞ்சம் ஆஸ்பத்திரி. முருங்கைக்காய்க் கட்டும் கையுமாக நான் அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். பின்னால் வந்தவர் "நோனா, பொட்டக் அயின் வென்ன" என்று, அம்மா கொஞ்சம் ஒதுங்குங்கள் எனச் சிங்களத்தில் சொன்ன பிறகுதான் நகர்ந்தேன்.

அந்த வாசத்துக்கு எனக்கு ஒரு கம்ப்யூட்டர் ஞாபகம் வரும். சிரிக்காதீர்கள். மரச்சட்டம் போட்ட கம்ப்யூட்டர். அதை நானும், என்னோடு வேலை செய்த ஜசிந்தாவும் எங்கள் கையாலேயே செய்தோம். இரண்டு பேருக்கும் ஓர் ஆணியை நேராக அடிக்கத் தெரியாது.

நாடே வரிசையில் நின்ற அந்த வருடத்தை மறந்திருக்க மாட்டீர்கள். காஸுக்கு ஒரு வரிசை, பெட்ரோலுக்கு ஒரு வரிசை, பால்மாவுக்கு ஒன்று. மருதானையில் நாங்கள் வேலை செய்த சின்ன அச்சகத்துக்குக் கடதாசி வரவில்லை. முதலாளி ஒரு நாள் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு, கதவைச் சாத்தப்போகிறேன், அந்த மூலையில் கிடக்கிற பழைய மெஷின் இரண்டையும் விரும்பினால் கொண்டுபோங்கள் என்றார். ஒன்றில் மதர்போர்ட் போயிருந்தது, மற்றதில் பவர் சப்ளை. இரண்டையும் சேர்த்தால் ஒன்று தேறும். இறக்குமதி நின்றுபோய், லாப்டொப் என்ன விலை என்று கேட்டால் விற்கிறவருக்கே வெட்கம் வருகிற காலம். கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு வந்தோம்.

எங்கள் தொழில் என்னவென்று சொல்லவில்லையே. செத்தவர்களுக்குப் புத்தகம் போடுகிற வேலை. முப்பத்தோராம் நாளுக்கு வீட்டார் அச்சடித்துக் கொடுக்கிற நினைவுமலர், யாழ்ப்பாணத்து ஆட்கள் கல்வெட்டு என்பார்கள். வாழ்க்கை வரலாறு, தேவாரம், பேரப்பிள்ளைகளின் புலம்பல், கடைசிப் பக்கத்தில் நன்றி நவிலல் எல்லாவற்றையும் நான் பக்கத்தில் அடுக்குவேன். படம் ஜசிந்தாவின் பொறுப்பு. வீட்டார் தருவதோ அடையாள அட்டைப் படம், அதுவும் முழித்தபடி. அவள் அவருக்குச் சட்டை மாற்றி, சால்வை போட்டு, நெற்றியில் திருநீறும் பூசிவிடுவாள். கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கப் பெண் எத்தனை யாழ்ப்பாணத்து நெற்றிகளுக்குத் திருநீறு இட்டிருப்பாள் என்று நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வரும். ஒருமுறை கோயில் வாசலே மிதிக்காத ஒரு தோழருக்கும் பூசிவிட்டாள். பார்த்த மனைவி, இந்த ஒரு கோலத்தில் அவரைப் பார்க்கத்தான் இத்தனை வருடம் காத்திருந்தேன், அப்படியே விடுங்கள் என்றுவிட்டார்.

அச்சகம் மூடினாலும் சாவு நிற்கவில்லை. வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் எங்களையே தேடி அழைத்தார்கள். ஆனால் கரண்ட் இல்லை. ஊரை ஏ, பி, சி என்று எழுத்து எழுத்தாகப் பிரித்து, இந்த எழுத்துக்கு இத்தனை மணிக்கு வெட்டு என்று அறிவிப்பார்கள். வெள்ளவத்தையில் என் ஒழுங்கைக்கு ஓர் எழுத்து, கொட்டாஞ்சேனையில் அவள் வீட்டுக்கு வேறோர் எழுத்து. இங்கே போனால் பல நாட்களில் அங்கே இருக்கும், அங்கே போனால் இங்கே. சொன்ன நேரத்துக்குப் போகாமல் சொல்லாத நேரத்துக்குப் போவதும் உண்டு. முப்பத்தோராம் நாளை யாராலும் தள்ளிவைக்க முடியாது. ஆகவே கரண்ட் எந்தப் பக்கமோ கம்ப்யூட்டரும் அந்தப் பக்கம் போகவேண்டும். பெட்டி வேறு, மொனிட்டர் வேறு, வயர் வேறு என்று கோட்டை ஸ்டேஷனில் ரயில் ஏற ஆளுக்கு நாலு கை வேண்டும். எல்லாவற்றையும் ஒரே சட்டத்துக்குள் வைத்துப் பூட்டலாம் என்றது ஜசிந்தாதான்.

பலகை அவளுடைய அப்பாவின் உபயம். துறைமுகத்தில் வேலை செய்து ஓய்ந்தவர், எனக்கு அங்கிள். மரப்பெட்டிப் பலகை எங்கே கிடைக்கும் என்று அவரிடம் கேட்கத் தேவையில்லை. முன்பக்கம் மொனிட்டர், அதன் முதுகுக்கு ஒரு பலகை, பலகையின் பின்னால் மதர்போர்டும் மற்றதும், சுற்றிவர நாலு சட்டம். பின்பக்கம் கரப்பான் புகாமல் நுளம்பு வலை. தூக்குவதற்கு ஒரு பழைய சூட்கேஸின் பிடி. கீபோர்ட் முன்னால் மூடி போல மடியும், மடிக்கும்போது என் விரலையும் சேர்த்து மடிக்கும். ஒன் பண்ணுகிற பொத்தானுக்கு என்ன செய்வது என்று யோசித்தபோது, அங்கிள் எழுந்துபோய் வாசலில் இருந்த கோலிங் பெல்லின் சுவிட்சைக் கழற்றிக்கொண்டு வந்தார். கரண்ட் இல்லாத வீட்டுக்குப் பெல் எதற்கு, வருகிறவன் தட்டட்டும் என்றார். அப்படித்தான் எங்கள் கம்ப்யூட்டர், யாரோ வீட்டுக்கு வந்தது போல பெல் அடித்தால் எழும்புகிற கம்ப்யூட்டர் ஆயிற்று.

முதல் நாள் நடந்ததைச் சொன்னால் மானம் போகும், பரவாயில்லை. அரை மணித்தியாலம் நன்றாக ஓடிய மெஷின் திடீரென்று அணைந்தது. இரண்டு பேரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். அந்த வருடம் எங்களுக்கு அப்படிப் பழகிப்போயிருந்தது: அணைந்தால் கரண்ட் போய்விட்டது, வரும்போது வரும். ஜசிந்தா மெழுகுதிரியைக்கூட எடுத்து வைத்துவிட்டாள். கொஞ்சம் கழித்து அங்கிள் எட்டிப் பார்த்து, பிறகு மேலே பார்த்தார். எங்கள் தலைக்கு மேல் ஃபேன் ஜம்மென்று சுற்றிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டரின் காற்றாடியைப் பலகையோடு ஒட்டிப் பூட்டியிருந்தோம், சூடு போக வழியில்லை. பலகை வெந்து அறை முழுக்க அந்தப் பிசின் வாசம். பிறகு கம்பியைச் சுட்டு ஓட்டை போட்டோம். ஓட்டை போட்ட பிறகும் வாசம் போகவில்லை. எனக்கு அது போகாமல் இருந்ததே பிடித்தது.

அதை மூடுவதற்கு ஜசிந்தா தன் தாயின் வெள்ளை லேஸ் விரிப்பைத் தந்தாள். தாய் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அந்த விரிப்போடு தூக்கிப் போனால் வெள்ளவத்தையில் எல்லோருக்கும் அது ஹார்மோனியம். என் வீட்டுக்கார அம்மா, ஆட்கள் வந்து போகக்கூடாது என்று சொல்லித்தான் மேல்மாடி அறையைத் தந்தவர். ஜசிந்தா சாமானோடு படியேறுவதைப் பார்த்துவிட்டு, ஒதுங்கி வழிவிட்டார். சில நாள் கழித்து, எப்ப பிள்ளை பாடப் போறீங்கள் என்று மெதுவாகக் கேட்டார். கொட்டாஞ்சேனையில் வேறு கதை. அங்கே மாதா சுரூபம் வீடு வீடாகப் போவது வழக்கம். நான் விரிப்பு மூடிய பெட்டியோடு தெருவில் நடக்க, ஒரு முச்சக்கரவண்டிக்காரர் தொப்பியைக் கழற்றிச் சிலுவை போட்டுக்கொண்டார். செத்தவர்களின் படம் நிறைந்த பெட்டிக்கு அந்த மரியாதை தகும் என்று நான் திருத்தவில்லை.

உண்மையைச் சொல்லவேண்டும். எனக்கு வேலை முக்கியமாக இருக்கவில்லை. அம்மா அப்பா போய்விட்டார்கள், அண்ணன் டொரொன்டோவில், தங்கை லண்டனில். நாற்பது வயதில், கடல் சத்தம் கேட்கிற ஓர் அறையில், ஒரு கோப்பை, ஒரு தட்டு. கடைக்காரரிடம் பேசினால்தான் அன்றைக்கு என் குரல் எனக்குக் கேட்கும். அந்த வருடம்தான் கிழமைக்கு மூன்று நாலு தரம் யாரோ என் படியில் ஏறி வந்தார்கள், அல்லது யாரோ என்னை வரச்சொல்லிக் காத்திருந்தார்கள். ஊர் முழுக்கக் கரண்ட்டைத் திட்டியபோது நானும் சேர்ந்து திட்டினேன். உள்ளுக்குள் அது வந்துவிடக்கூடாது என்று இருந்தது. நானும் அவளும் பெரிதாக எதையும் மனம்விட்டுப் பேசியதில்லை. நான் 'நீர்' போட்டுப் பேசினால், நாடகத்தில் ராசா கதைக்கிற மாதிரி இருக்கு என்று சிரிப்பாள். பக்கத்தில் உட்கார்ந்து ஒரே திரையைப் பார்ப்போம், அவ்வளவுதான்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அழைத்து, கொட்டாஞ்சேனையில் கரண்ட் போயிடிச்சு, நான் பெட்டியோட வாறேன் என்றாள். ரயில் சனத்தில் நசுங்கி, வியர்த்து வழிய, படியேறி வந்து பெட்டியைக் கட்டிலில் வைத்தாள். முகம் கழுவப் போகும்போதுதான் பென் டிரைவை வீட்டில் விட்டுவந்தது ஞாபகம் வந்தது. அப்பாவுக்கு ஒரு டெலிபோன் கோல் எடுத்து மேசையில் கிடக்கிறதா என்று கேளுங்கள் என்றாள்.

அங்கிள்தான் எடுத்தார். பின்னால் கிரிக்கெட் வர்ணனை சத்தமாகக் கேட்டது.

"அங்கிள், கரண்ட் வந்துட்டுதோ?" என்றேன்.

"போகவே இல்லியே மகள். இண்டைக்கு நமக்கு நாள் முழுக்க இருக்கு. ஏன், அங்க இல்லியா?"

"இருக்கு அங்கிள்," என்றேன். பென் டிரைவ் மேசையில்தான் கிடந்ததாம்.

ஜசிந்தா முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள். இருக்காம் என்று மட்டும் சொன்னேன். அவள் பெட்டியை விரித்து, பெல்லை அழுத்தி, கதிரையை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். தாய் இல்லாத வீட்டில் டிவி மட்டும் பேசிக்கொண்டிருக்கும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவ்வளவு பாரத்தைத் தூக்கிக்கொண்டு, காரணமில்லாமல் ஒருத்தி என்னிடம் வந்திருக்கிறாள். அன்றைக்கு எனக்கு வந்த சந்தோசத்துக்கு அளவில்லை. தேவாரத்தில் ஒரு வரியையே விட்டுவிட்டேன், அவள்தான் கண்டுபிடித்தாள். அதற்குப் பிறகும் பலமுறை, இங்க கரண்ட் இல்லை என்று அழைத்தாள். நான் ஒரு தரமும் சரிபார்க்கவில்லை. ஓம், வாரும் என்பேன்.

பிறகு கரண்ட் வந்தது. மெல்ல மெல்ல வெட்டு குறைந்து, ஒரு நாள் முற்றாக நின்றது. வரிசைகள் போயின. கொள்ளுப்பிட்டியில் விளக்குக் கடைகள் பழையபடி இரவெல்லாம் எரிந்தன. சனம் எவ்வளவு நிம்மதிப்பட்டது, எனக்கு மட்டும் யாரிடமும் சொல்ல முடியாத ஒரு கவலை. ஜசிந்தாவின் மைத்துனர் ஒரு லாப்டொப் அனுப்பினார். படங்கள் அவள் வீட்டில், பக்கங்கள் என் வீட்டில், இரண்டுக்கும் நடுவே வட்ஸ்அப். வேலை முன்னைவிடக் கெதியாக முடிந்தது. சும்மா வாரும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்தான். சும்மா வா என்று இந்தக் கொழும்பில் யார் யாரைக் கூப்பிடுகிறார்கள்? எதற்கு என்று கேட்டால் என்ன சொல்வது?

மாதக்கணக்கில் அப்படிப் போய், ஒரு நாள் அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தானாக வந்தாள். இத்தாலியில் ஒரு முதிய அம்மாவைப் பார்க்கிற வேலை கிடைத்திருந்தது. அங்கிள் நீர்கொழும்பில் தன் தங்கச்சியிடம் போகிறார். கொட்டாஞ்சேனை வீட்டைக் கொடுத்துவிட்டார்கள். பெட்டியை மேசையில் வைத்து, லேஸ் விரிப்பை மட்டும் மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள்.

கேட்கக்கூடாது என்று இவ்வளவு நாளும் இருந்த நான், அவள் படியில் இறங்கும்போது கேட்டுவிட்டேன்.

"அண்டைக்குச் சனிக்கிழமை உங்கட பக்கம் கரண்ட் இருந்தது, என்ன?"

அவள் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றாள்.

"இருந்திச்சு," என்றாள். "நீங்க அப்பாவோட கதைச்சது எனக்குக் கேட்டுச்சு. நீங்க அப்பவே கேட்டிருந்தா, பிறகு நான் வந்திருக்க மாட்டேன்."

அவள் போய் இப்போது இரண்டு வருடமாகிறது. மரப்பெட்டிக்குள் கடைசியில் மதர்போர்டும் போய்விட்டது. கல்வெட்டு வேலை இருக்கிறது, படங்களையும் நானே செய்கிறேன், திருநீறு மட்டும் கோணலாக விழுகிறது. வீட்டுக்கார அம்மா பாட்டைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டார். என் படியில் தண்ணீர்ப் போத்தல் கொண்டுவருகிறவர் ஏறுவார், வேறு யாரும் ஏறுவதில்லை.

போன மாதம் ஜசிந்தாவிடமிருந்து ஒரு மெசேஜ். அவள் பார்த்துக்கொள்கிற அம்மா பின்னேரமே தூங்கிவிடுவாராம். பிறகு காலைவரை பேச ஆளில்லையாம். அதற்குக் கீழே இன்னொரு வரி: "இங்க கரண்ட் போறதே இல்ல."

 பிறகு, "இங்கயும் இப்ப போறேல்லை" என்று எழுதி அனுப்பினேன்.