முதல் பஸ்ஸும் ஒரு டின் அச்சு முறுக்கும்

மேலகரம் தாண்டியதும் பின்னாலிருந்து அந்த ஹாரன் கேட்கும். ரப்பர் பந்தைக் கையால் அமுக்கி அடிக்கிற பழைய காலத்து ஹாரன். தென்காசியிலிருந்து குற்றாலத்துக்குப் போகும் முதல் பஸ் அது. இன்னும் விடிந்திருக்காது. நான் ரோட்டோரத்து மரங்களை ஒட்டி ஓடிக்கொண்டிருப்பேன். பஸ் என்னைத் தாண்டிப் போகாது. பக்கத்தில் வந்து என் வேகத்துக்கு இறங்கி, மாடு மாதிரி முனகிக்கொண்டு கூடவே வரும். படிக்கட்டில் தொங்கியபடி கண்டக்டர் அண்ணாச்சி சத்தம் போடுவார். "ஏறும் சார்வாள், ஏறும்! ஒரு சத்தம் குடுத்தா நிறுத்த மாட்டமா? எதுக்கு இப்பிடி மூச்சு முட்ட ஓடுதீரு?" முதல் நாள் எனக்கு ஒன்றும் புரியவில்லை. இரண்டாம் நாள்தான் விளங்கியது. அவர் என்னை பஸ்ஸை விட்டுவிட்டு ஓடுகிறவன் என்றே நினைத்திருந்தார்.

அவர் மேல் குற்றமில்லை. எழுபதுகளின் கடைசி அது. அந்த ஊரில் வயதுக்கு வந்த ஆண்பிள்ளை ஒருவன் காரணமில்லாமல் ஓடுவான் என்று யார் நினைத்துப் பார்ப்பார்கள்? பஸ்ஸைப் பிடிக்க ஓடலாம், நாய் துரத்தினால் ஓடலாம், கடன் கொடுத்தவனைக் கண்டால் ஓடலாம். நானோ அரைக்கால் டவுசர் மாட்டிக்கொண்டு, வெள்ளைக் கான்வாஸ் ஷூவோடு, தென்காசிக் கோயிலின் மொட்டைக் கோபுரத்தைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தேன். கோபுரம் அப்போது பாதியில் இடிந்து அப்படித்தான் நின்றது. கோலம் போடுகிற பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். டீக்கடையில், "ஏலே, யாரும் வெரட்டுதாங்களா?" என்று ஒருவர் கேட்க, மற்றவர்கள் சிரிப்பார்கள். கல்லூரியில் நெடுந்தூர ஓட்டம் ஓடியிருக்கிறேன். ஒரு போட்டியிலும் ஜெயித்ததில்லை, எப்போதும் கடைசிக்கு முந்தினவன். ஆனாலும் ஓட்டத்தை விட மனம் வரவில்லை. ஜெயிக்கிறவனுக்கு ஓடக் காரணம் இருக்கிறது, தோற்கிறவன் ஓட வேண்டுமென்றால் அவனுக்கு அது பிடித்திருக்க வேண்டும். எனக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

இதை நான் அண்ணாச்சிக்கு விளக்கப் பார்த்தேன். "நான் சும்மா ஓடத்தான் ஓடுதேன் அண்ணாச்சி." அவர் படிக்கட்டிலிருந்து குனிந்து கேட்டார். "ஓடத்தான் ஓடுதீரா? அப்பம் போய்ச் சேந்து என்ன செய்வீரு?" "திரும்பி ஓடி வருவேன்." அவர் டிரைவரைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு விசில் கொடுத்தார். மறுநாளும் பஸ் என் பக்கத்தில் வந்து வேகம் குறைத்தது. "இன்னைக்காவது ஏறுதீரா?" என்றார். அதற்குப் பிறகு அது வழக்கமாகிவிட்டது. நான் ஏற மாட்டேன் என்று அவருக்குத் தெரியும், அவர் கேட்காமல் போக மாட்டார் என்று எனக்கும் தெரியும். போகிற போக்கில் ஒரு சேதி சொல்லிவிட்டுப் போவார். மகள் பத்தாவதில் பாஸாகிவிட்டாள், மெயினருவியில் தண்ணீர் செக்கச் செவேலென்று விழுகிறது, டிரைவருக்குப் பல்வலி. ஒரு நாளைக்கு ஒரு சேதி, அவ்வளவுதான். அதற்குள் பஸ் போய்விடும்.

அந்த ஒரு சேதிக்காகவே நான் எழுந்து ஓடினேன் என்று இப்போது சொன்னால் பெரிதுபடுத்துவதாகத் தோன்றும். ஆனால் உண்மை அதுதான். பொதுப்பணித்துறை அலுவலகத்தில் கால்வாய் வரைபடங்களை மையில் இழுக்கிற வேலை எனக்கு. குனிந்த தலை நிமிராத வேலை, வாயைத் திறக்கவே அவசியமில்லை. மெஸ்ஸில் சாப்பாடு, வாடகைக்கு ஒற்றை அறை. ஊரிலிருந்து அம்மா எழுதுகிற கடிதம் ஒன்றுதான் துணை. அந்த வருடம் ஆவணியில் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். அப்பா நான் சின்னப் பையனாக இருந்தபோதே போய்விட்டவர். காரியங்கள் முடிந்து வீட்டைப் பூட்டிச் சாவியைச் சித்தப்பாவிடம் கொடுத்தபோது, இனி பண்டிகைக்கு ஊருக்குப் போக ஒரு வீடு இல்லை என்று உறைத்தது. சமையலறையிலிருந்து நான் எடுத்து வந்தது அம்மாவின் அச்சு முறுக்கு அச்சை மட்டும்தான். நீளக் கம்பியின் முனையில் பூப்போல வார்த்த இரும்பு அச்சு. எதற்கு எடுத்தேன் என்று அப்போது எனக்கே தெரியாது.

கிறிஸ்துமஸ் எங்கள் வீட்டில் ஒரு கட்டுப்பாட்டோடுதான் வரும். பலகாரம் எல்லாம் சுட்டு முடித்து டின்களில் அடைத்த பிறகும் அம்மா எங்களைத் தொட விட மாட்டாள். பண்டிகை கொண்டாடாத வீட்டுக்கு, முகம் தெரிந்தவர்களுக்கு, முதல் தட்டு போக வேண்டும். அவர்கள் வாயில் ஒன்றாவது பட்டபிறகுதான் எங்களுக்கு. பக்கத்து வீட்டு அக்கா அச்சு முறுக்கைக் கடிக்கிற சத்தத்துக்காகச் சுவரில் காதை வைத்துக் காத்திருந்திருக்கிறேன். "பண்டிகை இல்லாதவுக வாயில பட்டாத்தாம்ல நமக்குப் பண்டிகை" என்பாள் அம்மா. ஆலயத்தில் கேட்ட எத்தனையோ பிரசங்கங்கள் மறந்துவிட்டன, இது மறக்கவில்லை.

கார்த்திகை பிறந்ததும் அண்ணாச்சி மாலை போட்டுக்கொண்டார். காக்கிச் சட்டைக்குக் கீழே கறுப்பு வேட்டி, வெறுங்கால், நெற்றி நிறைய விபூதி. சபரிமலைக்குப் போகிற சாமிமார் அருவியில் குளிக்க லாரி லாரியாக வந்து இறங்குகிற காலம் அது. முதல் பஸ்ஸிலேயே சரண கோஷம் கூரையைப் பிளக்கும். "சாமி, ஏறுதீயளா சாமி?" என்று என்னையும் சாமியாக்கிவிட்டார். நான் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஆலயத்துக்குப் போகிறவன் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். "எல்லாரும் சாமிதான் சாமி" என்று சிரிப்பார்.

மார்கழிக் குளிரில் ஓடுவது போல ஒரு சுகம் வேறில்லை. தெருவெல்லாம் சாணி உருண்டையில் பூசணிப்பூ, கோயில் ஒலிபெருக்கியில் திருவெம்பாவை, மலைமேல் பாதிவரை இறங்கி நிற்கும் மேகம். எங்கள் சின்ன ஆலயத்துப் பக்கம் ஓரிரு வீடுகளில் மூங்கில் நட்சத்திரம் தொங்கும். உள்ளே பல்பு எரிய, வண்ணத்தாள் காற்றில் படபடக்கும். ஊரே ஏதோ ஒன்றுக்குத் தயாராகிக்கொண்டிருந்தது, அதன் நடுவே நான் யாருக்கும் சொந்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தேன். ஓடும்போது தனிமை உறுத்தாது, அது ஒருவன் தானே எடுத்துக்கொண்டது. அறைக்குத் திரும்பிக் கதவைத் திறக்கும்போது இருக்கிறதே, அதுதான் ஆளைக் கொல்லும்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் ஒரு வெறி வந்துவிட்டது. அரிசி மாவு, சர்க்கரை, முட்டை, எள், தேங்காய் எல்லாம் வாங்கிவந்து பம்ப் ஸ்டவ்வைப் பற்றவைத்தேன். பக்கத்திலிருந்து பார்த்த பழக்கமே ஒழிய நான் சுட்டதில்லை. மாவு அச்சை விட்டு வரவே மாட்டேன் என்றது. உதறினால் கிழிந்தது, கம்பியால் நெம்பினால் நொறுங்கியது. அம்மா அச்சை எண்ணெயிலேயே ஊறப்போட்டுச் சூடேற்றியது ஞாபகம் வந்த பிறகுதான் ஒழுங்காக ஒன்று கழன்று விழுந்தது. பூ மாதிரியே இருந்தது. அதைப் பார்த்து ஒற்றை ஆளாக அந்த அறையில் சிரித்தேன். வாசனை மூக்கைத் துளைத்தது. ஒன்றும் வாயில் போடவில்லை.

விடியற்கால ஆராதனை முடிந்து எல்லோரும் குடும்பம் குடும்பமாகக் கைகுலுக்கிக்கொண்டிருந்தார்கள். எனக்கும் கை கொடுத்தார்கள். அறைக்கு வந்து ஒரு தட்டில் முறுக்கை அடுக்கி வீட்டுக்கார அம்மாவிடம் கொண்டு போனேன். அவர் முகமெல்லாம் மலர்ந்து கையை நீட்டியவர், பாதியில் நிறுத்திவிட்டார். "முட்டை சேத்திருப்பியளே தம்பி? எங்களுக்கு ஆகாதேய்யா, அதும் மார்கழி. மனசுல ஒண்ணும் வச்சிக்கிடாதீய." அவர் நல்லவர், உள்ளே போய் வெண்பொங்கல் கொண்டுவந்து கொடுத்தார். தப்பு என்னுடையது. சைவ வீடு என்று தெரிந்தும், அம்மாவின் பக்குவம் மாறக்கூடாது என்ற ஒரே நினைப்பில் முட்டையை ஊற்றியிருந்தேன். அலுவலகத்தில் முகம் தெரிந்தவர்களில் பாதிப்பேர் மாலை போட்டு விரதத்தில், மீதிப்பேர் விடுமுறைக்கு ஊரில். எனக்கு மிச்சமிருந்த ஒரே ஆள் அண்ணாச்சி. அவரும் மாலை போட்டவர்தான், ஆனாலும் அவரைவிட்டால் எனக்கு வேறு ஆளில்லை.

அன்று நான் ஓடவில்லை. ஓடினால் டின்னுக்குள் எல்லாம் தூளாகிவிடும். பஸ் நிலையத்துக்கு நடந்து போய், முதல் நடை முடித்துத் திரும்பி நின்ற அண்ணாச்சியின் குற்றாலம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். என்னைக் கண்டதும் அண்ணாச்சிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "எய்யா, டிரைவர் சாமி! இன்னைக்குத்தான் நம்மாளுக்கு வண்டி கெடச்சிருக்கு!" என்று பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி கூவினார். குற்றாலத்தில் எல்லோரும் இறங்கியபின் டின்னைத் திறந்து நீட்டினேன். அம்மா போனதையும், அம்மாவின் கட்டுப்பாட்டையும் தட்டுத் தடுமாறிச் சொன்னேன். கையில் ஒன்றை எடுத்துவிட்டார். வாய்க்குக் கொண்டுபோனவர் நிறுத்திக் கேட்டார். "முட்டை உண்டா சாமி?"

இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும், அவர் தின்றிருப்பார். என் நாக்கு நுனி வரைக்கும் அந்தச் சொல் வந்தது. "உண்டு சாமி" என்றேன்.

அவர் முறுக்கைப் பதனமாக டின்னுக்குள் திருப்பி வைத்து மூடினார். "ஜோதி பாத்துட்டு வந்து மாலையக் கழத்துன அன்னைக்கு மொதல்ல இதத்தான் திங்கப்போறேன். அதுவரைக்கும் வேற ஆருக்கும் குடுத்துராதீய சாமி" என்றார். தலையாட்டினேன். அன்று டின்னோடு நடந்தே திரும்பினேன். வழியெல்லாம், பொய் சொல்லாததற்குச் சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியவில்லை.

புது வருடம் வந்தது. அண்ணாச்சி மலைக்குப் போய்விட்டார், பஸ்ஸில் வேறு கண்டக்டர். அந்த ஹாரன் அப்படியே கேட்கும், பஸ் புழுதியை வாரி இறைத்துவிட்டு நிற்காமல் போகும். அதுதானே நியாயம், ஓடுகிறவனைப் பார்த்து எந்த பஸ் நிற்கும்? இப்போது நான் இருக்கிற நகரத்தில் காலையில் ஓடுகிறவர்களுக்குப் பஞ்சமே இல்லை. காதில் ஒயரைச் செருகிக்கொண்டு கூட்டம் கூட்டமாக ஓடுகிறார்கள், யாரும் யாரையும் ஏன் ஓடுகிறாய் என்று கேட்பதில்லை. நானும் அவர்களோடு மெதுவாக நடக்கிறேன். ஆனால் அந்தத் தை மாதம் போல வெறிச்சென்று ஒரு ரோட்டை நான் பிறகு பார்த்ததில்லை. அறையில் அலமாரி மேல் அந்த டின் இருந்தது. பொங்கல் கழிந்தது. மனுஷர் மறந்திருப்பார், ஒரு பேச்சுக்குச் சொன்னதை நம்பிக்கொண்டு கிடக்கிறேனே என்று என்மேலேயே எரிச்சல் வந்தது. தூக்கிக் குப்பையில் கொட்டிவிடலாம் என்று டின்னை எடுப்பேன், பிறகு திரும்ப வைத்துவிடுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கதவைத் தட்டினார்கள். மழுங்கச் சிரைத்த முகமும் வெள்ளை வேட்டியுமாக நின்றவரை முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. கையில் அரவணைப் பாயச டப்பா. "என்னவே சார்வாள், ஆளையே மறந்துட்டீரா? தெருத் தெருவா, டவுசர் போட்டு ஓடுவாரே அவரு வீடு எதுன்னு கேட்டுல்லா வந்திருக்கேன். எங்கவே என் முறுக்கு?"

தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். டின்னை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். ஒன்றை எடுத்துக் கடித்தார். மென்றார். இன்னொன்று எடுத்தார். ஊர்க்கதை, மலைக்கதை எல்லாம் பேசிக்கொண்டே, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூன்றாவதையும் எடுத்துவிட்டார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இனி தின்னலாம் என்று நானும் ஒன்றை எடுத்து வாயில் போட்டேன்.

காறல். எண்ணெய் நாட்பட்டு, தொண்டையைப் பிடிக்கிற காறல். விழுங்க முடியவில்லை.

"அண்ணாச்சி, கெட்டுப் போச்சே! துப்புங்க, துப்புங்க!" என்று பதறினேன்.

"மொதக் கடியிலயே தெரிஞ்சுபோச்சுவே" என்றார் அவர், வாயில் இருந்ததை மென்றுகொண்டே. "அதுக்கு என்ன செய்யச் சொல்லுதீரு? நான் தின்னாத்தான நீரு திங்க முடியும்?"

அம்மா போனதிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது, சின்னப் பிள்ளை மாதிரி விக்கி விக்கி அழுதேன். அவர் என் டின்னை என் பக்கமே தள்ளி வைத்து, "எடும், இன்னொண்ணு எடும்" என்றார்.