சும்மா இருக்கத் தெரியாதவர்

ஊரில் அவருக்குப் புல்டோசர் என்று பெயர். முப்பது வருடமாகத் தன் மேய்ச்சல் நிலத்தில் ஒரு செடியைக்கூட அவர் தலையெடுக்க விட்டதில்லை. செடி போனால் ஆடுகளுக்குப் புல் வரும் என்று நம்பினார். மழை குறைந்த பூமி. புல் வரவில்லை, வெட்டிய செடிதான் திரும்பத் திரும்ப வந்தது.

ஒருநாள் காடு வளர்ப்புத் திட்டத்திலிருந்து ஓர் அதிகாரி அம்மா வந்தார்.

"ஐயா, மண்ணுக்கடியில பழைய மரத்தோட வேரெல்லாம் இன்னும் உசுரோட இருக்கு. விட்டா தானா காடாயிடும். காத்துல இருக்கற கார்பனை மரம் இழுத்து வச்சுக்கும்."

"நான் என்ன செய்யணும்?"

"வேலி போட்டு ஆட்டை வெளிய நிறுத்துங்க. அப்புறம் ஒண்ணும் செய்யக் கூடாது."

"அது இவரால முடியாதே" என்றாள் மனைவி.

அவள் சொன்னதுதான் நடந்தது. வேலிக்குள் உலாவப் போனால், போகிற போக்கில் குனிந்து ஒரு கன்றைப் பிடுங்கிவிடுவார். பிடுங்கிய பிறகுதான் அவருக்கே தெரியும். மனைவி மண்வெட்டியைப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். வேலிக்குள் ஓடும் ஒற்றையடிப் பாதையை விட்டு உள்ளே போகக் கூடாது என்றாள். அவரும் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு நடந்தார். ஆள் பெரிய மனுஷனாகிவிட்டார் என்று ஊர் பேசிக்கொண்டது.

மூன்றாம் வருடம் மரக் கணக்கெடுப்பு வந்தது. அன்று காலையில்தான், தன்னையறியாமல் அவ்வப்போது பிடுங்கியதில் பாதையோரம் வழுக்கை விழுந்திருப்பதைக் கவனித்தார். அவசர அவசரமாகப் பதினோரு கிளைகளை ஒடித்து நட்டுவைத்தார்.

அதிகாரி அம்மா உயரம் அளக்க ஒன்றைத் தொட்டார். அது கையோடு வந்துவிட்டது.

"ஐயா, இதுக்கு வேர் எங்க?"

"வெயில் ஜாஸ்திம்மா. உள்ள போயிருக்கும்."

மனைவி வேலிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அதற்கு மேல் தாங்காமல் அவர் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார்.

"இதெல்லாம் தேவையே இல்லையே" என்றார் அந்த அம்மா. "உள்ள வந்து பாத்தீங்களா?"

பாதையைத் தாண்டி மூவரும் நடந்தார்கள். நடுப்பள்ளத்தில் மரங்கள் அவர் தோளுயரம் நின்றன. நிழலில் மண் ஈரமாக இருந்தது. அந்த ஈரத்தில் கணுக்கால் அளவுக்குப் புல்.

அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வெகுநேரம் புல்லைத் தடவிக்கொண்டிருந்தார், ஒன்றையும் பிடுங்கவில்லை.

"செடி போனாத்தானே புல் வரும்?" என்றார் கடைசியில்.

"யார் சொன்னது?"

"நான்தான்."

அந்த அம்மா போகும்போது, கைக்கு ஏதாவது வேலை இருக்கட்டும் என்று ஓர் அளவு நாடாவையும் ஒரு நோட்டையும் கொடுத்துவிட்டுப் போனார். இப்போது தினமும் காலையில் ஐம்பது மரங்களை அளக்கிறார். ஒரே நாளில் மரம் எவ்வளவு வளர்ந்துவிடும்? நோட்டில் பக்கம் பக்கமாக, "நேற்று போலவே. நலம்" என்று எழுதியிருக்கிறார்.