கார்ட்ரைட் துரையின் குலத்தொழில்

1. முழக்கோல்

நான் கேம்ப் கிளார்க்காகச் சேர்ந்த முதல் நாளே வேலை நின்றுபோனது. 1930-களின் கடைசி, வெள்ளைக்காரர் காலம். குளத்தூர்ப் பக்கம் ஒரு கண்மாய் மடைக்கு மரக்கதவு செய்துகொண்டிருந்தார்கள். என்ஜினீயர் கார்ட்ரைட் துரை, தரையில் கிடந்த சின்னையா ஆசாரியின் முழக்கோலைப் பூட்ஸ் காலோடு தாண்டிவிட்டார். அவருக்கு அது வெறும் அளவுகோல். ஆசாரிக்கோ சாமி.

ஆசாரி உளிகளைப் பையில் போட்டுக் கட்டினார். "நாங்க கும்புடுற கோலுங்க அது. இனிமே இங்கிட்டு வேலை ஆகாது."

கிழக்கே மேகம் கறுத்திருந்தது. கதவு இல்லாமல் மழை பெய்தால் தண்ணீர் அத்தனையும் ஓடிப்போகும், வயலெல்லாம் தரிசு. துரையோ மன்னிப்புக் கேட்கிற ஆள் இல்லை.

2. பேர் வந்த வழி

மத்தியானம் துரை உர்ரென்று உட்கார்ந்திருந்தார். பேச்சுக் கொடுக்க ஏதாவது வேண்டுமே என்று, "சார், உங்கள் குடும்பப் பேருக்கு என்ன அர்த்தம்?" என்றேன். மனுஷர் முகம் மலர்ந்துவிட்டது. வண்டி செய்கிற தச்சர் என்று அர்த்தமாம். முன்காலத்தில் அவர்கள் நாட்டில் சாதாரண ஜனங்களுக்குக் குடும்பப் பேரே கிடையாதாம். ஒரே ஊரில் நாலைந்து ஜான் இருந்தால் அடையாளத்துக்குத் தொழிலைச் சேர்த்துக் கூப்பிடுவார்களாம். அது பிள்ளை, பேரன் என்று ஒட்டிக்கொண்டே வந்துவிட்டது. பட்டறையை எந்தத் தாத்தா மூடினார் என்பதுகூட இவருக்குத் தெரியவில்லை.

சாப்பாட்டைப் பாதியில் வைத்தேன். ஆசாரி வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொன்னேன்.

"அப்ப, தொரை தச்சு வீட்டுப் புள்ளையா?"

"ஆமாங்க. அவரே சொன்னாருங்க."

ஆசாரி தாடையைச் சொறிந்தார். "நம்ம வீட்டுப் புள்ளையே தாண்டுறதுண்டு. கோலைத் தொட்டுக் கும்புட்டா தீந்துச்சு. கோலோட மடைக்கு வாரேன், தொரையை வரச் சொல்லுங்க."

துரையிடம், "அந்தக் கோலைத் தொட்டுக் கும்பிடுங்கள். உங்கள் தாத்தாமார் தொழிலுக்கு ஒரு மரியாதை, சார்" என்றேன். என்னை ஒரு முறை முறைத்துவிட்டு, பூட்ஸைக் கழற்றினார். கோலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

ஆசாரிக்கு உற்சாகம் தாங்கவில்லை. கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியலைத் துரை கையில் கொடுத்து, "ஒரு ஆப்பு அடிங்க" என்றார். துரை ஓங்கி அடித்தது தம் கட்டைவிரலைத்தான்.

"அட, பேரு மட்டுந்தான் மிச்சமாக்கும்!" என்றார் ஆசாரி.

அதையும் துரைக்கு மொழிபெயர்த்தேன். விரலை உதறியபடி எல்லாரையும்விடப் பலமாகச் சிரித்தவர் துரைதான். மழைக்கு முன்னே மடைக்கதவு இறங்கியது.

உத்தியோகத்தில் புதிதாகச் சேருகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: பதவியைப் புகழ்ந்து கேட்டும் இறங்கிவராத அதிகாரியிடம், அவருடைய தாத்தாவைப் பற்றி விசாரித்துப் பாருங்கள்.