வேர்க்காத பிள்ளையும் சாத்தாத ஜன்னலும்

என் மகளுக்கு வேர்க்காது. ரப்பர் தோட்டத்தில் பிறந்துவிட்டு வேர்க்காமல் இருக்க முடியுமா என்று கேட்பீர்கள். எங்கள் பக்கத்தில் நடந்தால் வேர்வை, உட்கார்ந்தால் வேர்வை, சும்மா நின்று ஒரு வார்த்தை பேசினாலும் வேர்வை. அவளுக்கு மட்டும் ஒரு சொட்டு வராது. உடம்புச் சூடு வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே ஏறும். கைக்குழந்தையாக இருந்தபோது காய்ச்சல், காய்ச்சல் என்று கரவனெல்ல ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தேன். ஒருமுறை கண் மேலே செருகிக் கைகால் வெட்டி இழுத்தது. கொழும்புக்கு அனுப்பினார்கள். அங்கேதான் ஒரு டாக்டரம்மா விஷயத்தைச் சொன்னார்.

"இவளுக்கு வேர்வைச் சுரப்பியே சரியா இல்லை. இது காய்ச்சல் இல்லை, சூடு. குளிர்ச்சியா வச்சிருந்தா நல்லா வளருவா. இல்லாட்டி..." என்று நிறுத்திக்கொண்டார்.

அந்த 'இல்லாட்டி'யை நான்தான் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தேன். அதற்குப் பிறகு எனக்கு நிம்மதியான தூக்கம் கிடையாது.

நான் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் வேலை. கொழுந்துக்கும் பால்வெட்டுக்கும் போகிற தாய்மார் விட்டுப்போகும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற இடம். அதை ஒட்டியே எனக்கு ஒரு சின்னக் குவார்ட்டர்ஸ், ரோட்டுப் பக்கமாகத் தனியே நிற்கும். புருஷன் கட்டாரில். என் பிள்ளையை நான் ஈரத்துணியில்தான் வளர்த்தேன். பீலித் தண்ணீரில் சட்டையை நனைத்துப் போட்டுப் பள்ளிக்கூடம் அனுப்புவேன். அது காய்வதற்குள் இன்னொன்று கொண்டு ஓடுவேன். "என்னாடி, புள்ளயத் துணி மாதிரி அலசிக்கிட்டு இருக்க?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் நல்ல பதில் கொடுத்திருக்கிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

அவள் ஆறு வயதில் ஒரு சித்திரை மாதம் பள்ளிக்கூடத்திலேயே விழுந்துவிட்டாள். அன்றைக்குத்தான் ஏசி என்ற பேச்சு எடுபட்டது. என் புருஷனுக்குக் கட்டாரில் வேலையே அதுதான். ஏசி மாட்டுகிற கம்பனியில் ஹெல்பர்.

"ஊர்ல உள்ளவன் வீட்டுக்கெல்லாம் மாட்டுறேன் புள்ள. எம் மகளுக்கு மாட்ட நான் அங்க இல்ல" என்று போனில் அழுதார். "அழுவாதீங்க. எது நல்லதுன்னு மட்டும் சொல்லுங்க" என்றேன். எனக்கும் அழுகை வந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

அவிசாவளையில் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் இரண்டு வகை காட்டினார். ஒன்று, சுவரில் ஓட்டை போட்டுச் சொருகுகிற பெட்டி. போட்டதும் பெக்டரி ரோலர் மாதிரி உறுமியது. மற்றது இரண்டாகப் பிரிந்தது. காற்று ஊதுகிற பாகம் அறைக்குள் சுவரில், சத்தம் போடுகிற பாகம் வெளியே, நடுவில் செம்புக் குழாய். அதற்கு ஸ்ப்ளிட் என்று பெயர். நான் காதைக் கிட்டே கொண்டுபோய்க் கேட்டேன். மூச்சு விடுகிற சத்தம்தான்.

"பிள்ளை நல்லாத் தூங்கும், நோனா" என்றார் கடைக்காரர் சிங்களத்தில். நான் தலையை ஆட்டினேன். பிள்ளை தூங்குவதற்காக நான் அதை எடுக்கவில்லை. அறைக்குள் இருந்தாலும் எனக்கு வெளியே நடப்பது கேட்க வேண்டும், அதற்காக எடுத்தேன். இதை அவரிடம் சொல்ல முடியுமா?

அது சண்டை மூண்டு நடந்த காலம். பஸ்ஸில் தமிழ் பேச வாய் வராது. ஆனால் என் பயம் அதற்கு முந்தியது. நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது ஓர் ஆடி மாதம் எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு நெருப்பு வைத்தார்கள். முன்வாசலில் ஆட்கள். எங்களைப் பின்ஜன்னல் கம்பியை வளைத்து அப்பா வெளியே தள்ளினார். ரப்பர் காட்டுக்குள் படுத்துக் கிடந்தோம். திரும்பி வந்து லயத்தைக் கட்டியபோது யாரும் கூட்டம் போட்டு முடிவெடுக்கவில்லை, ஆனால் எங்கள் டிவிஷனில் எல்லா வீட்டிலும் பின்ஜன்னலில் ஒரு கம்பி கழன்று வரும்படிதான் வைத்தார்கள். தீபாவளிக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போது அந்தக் கம்பியின் அடியில் கொஞ்சம் தேங்காயெண்ணெய் விட்டு, கழற்றிப் பார்த்து, திரும்பவும் சொருகுவோம். பொங்கலுக்குக் கோலம் போடுகிற மாதிரி அதுவும் ஒரு வேலை. கல்யாணமாகிக் குவார்ட்டர்ஸுக்கு வந்தபோது நான் செய்த முதல் காரியமும் அதுதான்.

தோட்டத்துத் தொரையிடம் அனுமதி வாங்கினேன். "என் பங்களாவுலயே ஏசி இல்லையே" என்று சிரித்தார், மறுக்கவில்லை. அடுத்த லயத்துப் பெண்கள் என்னை மகராணி என்றார்கள். மாட்ட வந்த மெக்கானிக் பாஸ் ஒரு சிங்களப் பையன், கல்யாணமான புதுசு, நல்ல மாதிரி. சுவரில் துளை போட்டான், குழாயை இழுத்தான், கடைசியாகப் பின்ஜன்னலுக்கு வந்தான். ஜன்னல் கதவைச் சாத்தி இடுக்கெல்லாம் அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் குளிர் நிற்காது என்றான். கம்பியைத் தொட்டுப் பார்த்தான். அது கையோடு வந்துவிட்டது.

"அய்யோ அக்கே, இது கழன்றிருக்கே! கள்ளன் வருவான். இருங்க, நான் சும்மாவே சிமெந்து வச்சுத் தாறேன்" என்றான் அவன் மொழியில்.

"வேணாம்! தொடாத!" என்று கத்திவிட்டேன், தமிழில். அவன் திடுக்கிட்டு நின்றான். உதவி செய்ய வந்த பையன். அவனிடம் நான் என்ன சொல்வது? உன் ஆட்கள் வந்தால் ஓடுவதற்கு வைத்திருக்கிறேன் என்றா? தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து அனுப்பினேன்.

முதல் நாள் அந்த அறைக்குள் என் மகள் உட்கார்ந்திருந்ததைப் பார்க்க வேண்டும். ஈரத்துணி இல்லாமல், காய்ந்த கவுனோடு, படம் கீறிக்கொண்டு. பின்பக்கக் குழாயிலிருந்து தண்ணீர் சொட்டுவதைப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள். "அம்மா, எனக்குப் பதிலா மெசினுக்கு வேர்க்குதும்மா!" என்று குதித்தாள். நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே காதை வெளியே வைத்திருந்தேன்.

ஜன்னலை நான் சாத்தவில்லை. ஒரு சாண் திறந்தே வைத்தேன், கேட்பதற்காக. மெசின் ஓய்வில்லாமல் ஓடியது. அறை அரைகுறையாகத்தான் குளிர்ந்தது. போனில் புருஷன் கத்துவார்: "ஜன்னலச் சாத்து புள்ள! தெஹியோவிட்ட டவுன் முழுசுக்குமா குளிர் போடப் போற?" "நீங்க அங்க இருந்துக்கிட்டுப் பேசுவீங்க" என்று நான் போனை வைத்துவிடுவேன். கடைசியில் இடுக்கில் ஒரு பழைய தலையணையைத் திணித்தேன். ஒரு உதை விட்டால் வெளியே விழுந்துவிடும்.

மத்தியானத்தில் இடி வந்தால் அது வேறு பயம். எங்கள் பக்கத்து இடி சாதாரண இடியில்லை, வயரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் வரும். மெசினை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் அறை புழுங்கும். ஒரு கையால் சுவிட்சையும் மறு கையால் பிள்ளையின் நெற்றியையும் தொட்டுக்கொண்டு வானத்தைத் திட்டிக்கொண்டிருப்பேன். இப்படியே மூன்று வருடம் ஓடியது. ஆனால் அவள் ஒருமுறைகூட விழவில்லை. அந்தக் குறையோடு வந்த மெலிந்த முடியும் கூர்ப்பல்லுமாக என் பிள்ளை வளர்ந்தாள், அதுவே போதும் என்றிருந்தேன்.

போர் முடிந்த செய்தி வந்த அன்று தோட்டத்தில் வேலையில்லை. பிள்ளைக்காம்பராவும் பூட்டு. நல்ல உச்சி நேரம். மகள் அறைக்குள் படுத்திருந்தாள், நான் பக்கத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். தலையணை இடுக்கு வழியாக முதலில் பட்டாசு கேட்டது. தூரத்தில்தான், டவுன் பக்கம். பிறகு கிட்டே. பிறகு லொறி ஹோர்ன், கூக்குரல், நிறைய ஆம்பிளைக் குரல்கள், எங்கள் ரோட்டிலேயே.

சொளகு எங்கே விழுந்தது என்று தெரியாது. தலையணையை உதைத்தேன், கம்பியைப் பிடுங்கினேன், பிள்ளையை வெளியே இறக்கினேன், நானும் குதித்தேன். "என்னாம்மா? என்னாம்மா?" என்றாள். "பேசாத. ஓடு" என்றேன். ஏன் ஓடினாய், அவர்கள் சந்தோஷம்தானே கொண்டாடினார்கள் என்று பிறகு என்னிடம் கேட்டவர்கள் உண்டு. நெருப்பு வைக்க வந்தவர்களும் கூக்குரல் போட்டுக்கொண்டுதான் வந்தார்கள். வித்தியாசம் கேட்டுப் பார்த்துவிட்டு ஓடுவதற்கு எனக்குப் பொறுமையில்லை, அவ்வளவுதான்.

ரப்பர் மலையில் ஏறினோம். நிழல் உண்டு, காற்று இல்லை. ஆவியில் வைத்த மாதிரி இருந்தது. மேல் ரோட்டுக்குக் கீழே மழைத்தண்ணீர் ஓடுகிற ஒரு கானுக்குள் அவளை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மூச்சு வாங்கியது எனக்கு. அவளுக்கு வாங்கவில்லை, இரைத்தது. முகம் செம்பருத்திப்பூ. தொட்டேன், என் கை சுட்டது.

"அம்மா, தண்ணி."

கான் காய்ந்து கிடந்தது. மரங்களில் பால் வடிகிற சிரட்டைகள் இருந்தன. பழைய மழைத்தண்ணீர் அவற்றில் தேங்கியிருந்தது, நாற்றத்தோடும் புழுவோடும். ஒவ்வொன்றாகக் கழற்றி அவள் தலையில் ஊற்றினேன், நெஞ்சில் ஊற்றினேன். கையெட்டிய மரங்களெல்லாம் முடிந்தன. "கண்ணத் தொற. தங்கம், அம்மாவப் பாரு" என்றேன். பார்த்தாள், ஆனால் என்னைப் பார்க்கவில்லை. என்னைத் தாண்டி எங்கேயோ பார்த்தாள். கண் மேலே போகத் தொடங்கியது.

கீழே லொறி நின்றுவிட்டது தெரிந்தது. எங்கள் வாசலில்தான். அங்கே அவர்கள், அங்கேதான் குளிர் அறை. வேறு எங்கே போவேன்? சாமி, என்னை வெட்டுகிறதென்றால் வெட்டட்டும், இவளை அறைக்குள் போட்ட பிறகு வெட்டட்டும் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அவளைத் தோளில் போட்டு இறங்கினேன். ஒன்பது வயதுப் பிள்ளையின் பாரம் எனக்குத் தெரியவில்லை. சூடுதான் தெரிந்தது.

வாசலில் கொடியும் பட்டாசுப் புகையுமாகப் பத்திருபது ஆட்கள். போகிற வருகிறவர்களுக்குப் பாற்சோறு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் சத்தம் நின்றது. கழுத்தில் கொடி சுற்றிய ஒரு ஆள் முன்னால் வந்து, "மொக்கத மே லமயாட்ட வுனே?" என்றார். பிள்ளைக்கு என்ன ஆச்சு என்று கேட்டவர் பதிலுக்கு நிற்கவில்லை. என் கையிலிருந்து அவளை வாங்கிவிட்டார்.

"எம் புள்ளயக் குடுங்க! அய்யோ, எம் புள்ளயக் குடுங்க!" என்று அலறினேன். அந்த நாளில், அந்தக் கூட்டத்தின் நடுவில், தமிழில்.

லொறியில் சோடாப் போத்தல்களை ஐஸ் தண்ணீரில் போட்டு வைத்திருந்த பெட்டி ஒன்று இருந்தது. போத்தல்களை வெளியே எறிந்துவிட்டு அந்தத் தண்ணீரை அப்படியே அவள் மேல் ஊற்றினார்கள். இன்னொருவர் ஐஸ் கட்டியைக் கொடித்துணியில் சுற்றி அவள் கழுத்தில் வைத்தார். அவள் விக்கி, இருமி, அழுதாள். அந்த அழுகையைக் கேட்டதும் நான் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"இந்த வெயில்ல பிள்ளையை எங்க கொண்டு போன?" என்று அந்த ஆள் சிங்களத்தில் அதட்டினார்.

"தர கடன்ன கியா" என்றேன். விறகு பொறுக்கப் போனோம் என்று.

"விறகா? சுகமில்லாத பிள்ளையோட? ஒயாட்ட பிஸ்ஸுத?" உனக்கென்ன பைத்தியமா என்று திட்டினார். பெற்ற அப்பன் திட்டுகிற மாதிரித் திட்டினார். எவர் திட்டினாலும் திருப்பிக் கொடுக்கிற வாய் என்னுடையது. அன்றைக்குத் தலையைக் குனிந்து, "ஓவ் மாத்தயா, ஓவ் மாத்தயா", ஆமாங்கய்யா என்று வாங்கிக்கொண்டேன். அவர்கள் நல்லவர்கள் என்று தெரிந்தது. பயம் அதனால் போகவில்லை.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். மெசின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஈரத்தைத் துடைத்துப் படுக்கப் போட்டேன். அவள் உடம்புச் சூடு மெல்ல மெல்ல இறங்கியது. உதடு பழைய நிறத்துக்கு வந்தது. நான் அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டு, இருக்கிற சாமியையெல்லாம் கூப்பிட்டுக் கும்பிட்டேன்.

வெளியே லொறி கிளம்பியது. போகும்போது எங்கள் வாசலிலேயே ஒரு கட்டுப் பட்டாசுச் சரத்தைக் கொளுத்திவிட்டுப் போனார்கள். முதல் வெடிக்கே நான் எழுந்து நின்றுவிட்டேன். என் கை தன்பாட்டில் பிள்ளையின் தோளுக்கு அடியில் போய்விட்டது, தூக்குவதற்கு.

அவள் கண்ணைத் திறந்தாள். கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க ஓடுங்கம்மா" என்றாள். "நான் வரல."