சந்தியாகு பாரின் குருசு

ஒன்றும் இல்லை என்பதைக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவர்கள் உலகத்தில் கொஞ்சம் பேர்தான். தூத்துக்குடி பர்னபாஸ் அவர்களில் மூத்தவர். துறைமுகத்தைச் சுற்றி எவர் கிடங்கு கட்டினாலும் அரசாங்கத்துக்குச் சுற்றுச்சூழல் அறிக்கை கொடுக்கவேண்டும். அதில் ‘தொல்லியல் மற்றும் பண்பாட்டு வளங்கள்’ என்று ஓர் அத்தியாயம் உண்டு. பர்னபாஸ் தொப்பி போட்டுக்கொண்டு உடைமுள்ளுக்குள் நடப்பார். தாழி, கல்வெட்டு ஏதும் கிடக்கிறதா என்று ஊராரை விசாரிப்பார். கடைசியில் ‘இல்லை’ என்று எழுதுவார். அவர் ‘இல்லை’ என்ற இடத்தில் பிறகு எதுவும் இருந்ததும் கிடையாது; அதைப் பொக்லைன் பார்த்துக்கொள்ளும்.

போன வருஷம் ஆய்வுக்கு வந்த மனையின் நடுவில் ஒரு குருசடி நின்றது. ஆளுயர மேடை, மேலே வெள்ளையடித்த சிமென்ட் சிலுவை. வயது நூறு ஆகாததால் சட்டப்படி அது பழம்பொருள் ஆகாது. ஆனாலும் சிலுவை, கைவைத்தால் வில்லங்கம். பர்னபாஸ் யோசித்து, ‘உரிய மரியாதையுடன் இடமாற்றம்’ என்று எழுதினார். கம்பெனி வாசலோரம் கிரானைட் மேடை, சுற்றிப் புல்தரை, போகன்வில்லா. பங்குச்சாமியாருக்குப் பரம திருப்தி. கருத்துக்கேட்புக் கூட்டத்தில் வந்த ஒரே ஆட்சேபம் காப்பியில் சீனி குறைவு என்பதுதான்.

அறிக்கை கிளம்புகிற சமயத்தில் அவர் பெரியப்பா மகன் ஹென்றி ஆபீசுக்கு வந்தார். சொந்தமாக மீன்பிடி போட்டு ஒன்று வைத்திருப்பவர். வந்தவர் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“ஏலே பர்னபாசு, குருசைத் தூக்கிட்டா சந்தியாகு பாரை எதை வச்சுலே பிடிக்கது?”

சந்தியாகு பர்னபாஸின் அப்பா. பார் என்பது கடலுக்கடியில் கிடக்கும் பாறைத்திட்டு. பெரிய பார்களில் ஒரு காலத்தில் முத்துச்சிப்பி விளைந்தது. முத்துக்குளிப்பு நின்றபிறகு, களவாயும் விளமீனும் மேய்கிற சின்னப் பார் ஒன்றை அப்பா கண்டுபிடித்தார். ஊர் அதற்கு அவர் பெயரையே வைத்தது. கடலில் கதவிலக்கம் கிடையாது. கரையில் முன்னால் குருசு, பின்னால் மாதா கோயில் கோபுரம். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிகிற கோட்டைப் பிடித்து வெளியே ஓடி, ஈயக்குண்டு விட்டு ஆழம் பார்த்தால் பார்.

காலேஜ் லீவில் வள்ளத்தில் அந்தக் கோட்டைப் பிடிக்கிற உத்தியோகம் பர்னபாஸுடையது. வரலாறு படிக்கிற மாப்பிள்ளை கரையில் நிற்கும் யாரையோ நினைத்துக்கொண்டு கோட்டைத் தவறவிடுவார். “படிச்ச கண்ணுக்குக் குருசு தெரியாதாக்கும்” என்று அப்பா பின்னாலிருந்து சொல்லுவார். இரண்டும் சேர்ந்ததும் தலைத்துண்டை அவிழ்த்து, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டுதான் நங்கூரம் இறக்குவார். டீசல் புகையும், தூக்குச்சட்டியில் ஆறிப்போன சூடைமீன் குழம்பும், அந்த ஒரு நிமிஷ அமைதியும்! பர்னபாஸ் எதையும் மறக்கவில்லை. தினமும் சாப்பாட்டு நேரத்தில் நினைப்பார். வேலை நேரத்திலும் நினைக்கலாம் என்று மட்டும் தோன்றியதில்லை.

இப்போதுதான் ஜிபிஎஸ் இருக்கிறதே என்று ஹென்றியிடம் கேட்டுப் பார்த்தார்.

“மிசின் இடத்தைக் காட்டும்லே. குருசு சொல்லாம நங்கூரம் இறக்கிருவமா?”

பர்னபாஸின் மேலாளர் செல்வலட்சுமி தாமிரபரணிக்கரை வயல்காட்டுப் பெண். அவரிடம் போய், வளம் என்பது குருசு அல்ல, கோடு என்று பர்னபாஸ் வாதாடினார். கோட்டை இடமாற்றம் செய்ய முடியாது. வேண்டுமானால் கோபுரத்தையும் சேர்த்து நகர்த்தலாம் என்றார். செல்வலட்சுமி சிரிக்கவில்லை. “அண்ணாச்சி, நீங்க எழுதினதை நீங்களே மாத்தணும்னா நான் கண்ணால பாக்கணும்” என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஹென்றியின் போட்டில் போனார்கள். செல்வலட்சுமி எலுமிச்சம்பழத்தை மூக்கைவிட்டு எடுக்கவில்லை. பர்னபாஸ் முன்னால் நின்று கரையைப் பார்த்தார். குருசு தெரிந்தது. பின்னால் கோபுரத்தைக் காணோம். அது இருந்த திசையில் சாம்பல் நிறத்தில் ஒரு சிமென்ட் சைலோ, சிமென்டைக் கொட்டிவைக்கும் ராட்சத உருளை. அதற்கு அறிக்கை எழுதியவர் பர்னபாஸ். பண்பாட்டு வளங்கள், இல்லை. செல்வலட்சுமிக்கும் அது தெரியும். அவர் மரியாதையாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஹென்றிக்கு ஒரு வருத்தமும் இல்லை. “எதுக்குலே மூஞ்சியத் தூக்குத? கோபுரம் மறைஞ்சு எம்புட்டுக் காலமாச்சு. இப்ப உன் சைலோவுலதான் குருசைச் சேக்கோம். தடியனாட்டம்லா நிக்கி, நல்லாவே தெரியுது.”

குருசு மெல்ல நகர்ந்து சைலோவின்மேல் போய் நின்றது. ஹென்றி நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். நங்கூரம் இறங்கியது. தூண்டிலில் முதலில் ஏறியது ஒரு களவாய்.

மறுநாள் பர்னபாஸ் அத்தியாயத்தைத் திருத்தினார். குருசு நின்ற இடத்திலேயே நிற்கவேண்டும். கிடங்கு அதை மறைக்காமல் ஒதுங்கவேண்டும். கோட்டின் மறுமுனையான சிமென்ட் சைலோவும் பண்பாட்டு வளமே. கோபுரத்தைப் பற்றியும் நாலு வரி எழுதி, அதற்கு எந்தத் தலைப்பும் பொருந்தாததால் அழித்துவிட்டார். செல்வலட்சுமி கையெழுத்துப் போட்டார். கிடங்குக்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டே வரைபடத்தை மாற்றினார்கள்.

சைலோ கம்பெனியிலிருந்து ஒருவர் கலவரத்தோடு போன் செய்தார். சொந்த சைலோவை நாளைக்கு இடிக்க நினைத்தால் யாரிடம் அனுமதி கேட்பது என்றார்.

“எங்க ஹென்றி அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க” என்றார் பர்னபாஸ். “காலையில போனாக்கா கடலுக்குப் போயிருப்பாரு. சாயங்காலமா போங்க.”