கிழவி காட்டிய குன்று

போன வாரம் என் மகள் புக்கிட் காதில் என்ற இடத்திலுள்ள தன் வீட்டிலிருந்து வந்து, ஒரு பழைய புத்தகத்தை என் மடியில் வைத்தாள். விரித்ததும் பூசணம் பிடித்த காகித வாசனை. அவள் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர். சண்டையால் இடம் பெயர்க்கப்பட்ட ஜனங்கள் பிறகு எப்படி ஒன்றாக வாழ்கிறார்கள் என்பதுதான் அவள் ஆராய்ச்சி, பிழைப்பு எல்லாம். தோட்டத்துப் பள்ளியை மூன்றாம் வகுப்போடு விட்டவன் பெற்ற பிள்ளை! எங்கள் காஜா பெராங் வட்டாரத்தில் இதை நான் சொல்லாத ஆள் இல்லை.

"அப்பா, உங்களப் பத்தின பக்கம் இதுல இருக்கு. வருஷா வருஷம் இதைத்தான் பாடமா நடத்துறேன். அந்தக் கிழவி சொன்னத உங்க வாயாலயே சொல்லுங்க, டேப்புல பதிஞ்சுக்கிறேன்."

பெருமைப்பட வேண்டிய நேரம். எனக்கோ வாயில் அவித்த கிழங்கின் ருசி வந்துவிட்டது.

மலாய் நாட்டுச் சுதந்திரத்துக்குக் கொஞ்சம் முந்தி. கித்தா மரத்தில் ரப்பர் பால் வெட்டுவதை விட்டு டவுனுக்கு வந்து, யார் தயவும் இல்லாமல் சொந்தமாக வாடகைக் கார் ஓட்டினேன். கறுப்புக் கார். அதன் தோல் இருக்கை வெயிலில் காய்ந்தால் ஒரு மணம் வரும் பாருங்கள், இப்போது எந்தக் காரிலும் இல்லை. சரி, விடுங்கள். சிங்கப்பூரிலிருந்து ஒரு வெள்ளைக்கார விரிவுரையாளர் வந்து என் காரை அமர்த்தினார், சின்ன வயசு. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போகக்கூடாதென்று, காட்டோரச் சீனர்களை லாரியில் ஏற்றி முள்வேலிக்குள் குடிவைத்திருந்தார்கள் அல்லவா? அவர்களிடம் பேச வேண்டுமாம். மலாய் நன்றாகப் பேசினார். சீனம் வராது.

"எனக்கு எல்லாச் சீனமும் தெரியும் துரை" என்றேன்.

தெரிந்ததெல்லாம் மீன் மார்க்கெட்டில் பேரம் பேசும் ஹொக்கியன். பக்கத்தில் நின்ற நண்பர், பல தலைமுறைக்கு முன்பே வந்து மலாயே பேச்சாகிப்போன கம்போங் செட்டித் தமிழர், "பொய் சொல்லாதே லா" என்று மலாயில் முணுமுணுத்தார். "கோயில் இருக்கு, வாயில தமிழ் இல்லியே" என்று அவரை நான் ஓயாமல் கிண்டலடிப்பவன். அவராவது தெரியாததைத் தெரியாது என்று சொல்லுகிற மனுஷர்.

முதல் சில வீடுகளில் ஹொக்கியன் பேசினார்கள், தப்பித்தேன். கடைசி வீட்டில் ஒரு கிழவி. தகரக் கூரை, பின்னால் பன்றிக் கொட்டகை. எங்களை உட்காரவைத்து, ஆவி பறக்கும் சர்க்கரைவள்ளிக் கிழங்கைக் கையில் கொடுத்தாள். பிறகு பேச ஆரம்பித்தாள். அது ஹக்கா, வேறொரு சீனம். ஒரு சொல் பிடிபடவில்லை. வேலிக்கு அப்பால் ஒரு குன்றைக் காட்டினாள். தன் இடுப்பு உயரத்தில் கையை நிறுத்திக் காட்டினாள். அழுதாள். மறுபடியும் குன்று. என் சட்டையைப் பிடித்துத் துரை பக்கம் இழுத்தாள், சொல்லு சொல்லு என்பதுபோல.

"என்ன சொல்கிறார்?" என்றார் துரை.

தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வேறு ஆளைக் கூட்டி வந்திருப்பார். என் கௌரவம் விடவில்லை. வாய் நிறையக் கிழங்கோடு, "முதலில் கஷ்டமாம். இப்போது தண்ணீர் இருக்கு, பயமில்லை, திருப்தியாம்" என்றேன்.

"அப்புறம் ஏன் அழுகிறார்?"

"நன்றியில, துரை."

எழுதிக்கொண்டார். அவர் எழுதுவதைப் பார்த்ததும் கிழவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தான் சொன்னது போய்ச் சேர்ந்துவிட்டது என்று நினைத்திருப்பாள். இரண்டு கையாலும் என்னை வணங்கினாள். வழியில் சாப்பிட இன்னொரு கிழங்கைச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தாள். அதையும் தின்றேன்.

துரை அதையெல்லாம் புத்தகமாக்கிப் பெரிய பேராசிரியரானார். புத்தகத்தில் நான் இருக்கிறேன் என்று நாற்பது வருஷம் ஊரெல்லாம் பீற்றிக்கொண்டேன். இப்போது என் மகளும் அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள்.

எல்லாவற்றையும் உள்ளபடி சொல்லிவிட்டேன். டேப்பை அவள் நிறுத்தவில்லை. புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கேட்டாள்: "அப்போ, அந்தம்மா என்னதான்பா சொன்னாங்க?"

நேற்று என்னை அங்கே கூட்டிப்போனாள். வேலி இல்லை, தகரக் கூரை இல்லை, கிழவியை அறிந்தவர் ஒருவரும் இல்லை. குன்றைச் சீவி வரிசை வீடுகள் கட்டிவிட்டார்கள். அது நின்ற பக்கம் கையைக் காட்டினேன். அப்புறம் கையை இறக்கி இடுப்பு உயரத்தில் நிறுத்தினேன்.

"இவ்வளவுதாம்மா எனக்குத் தெரியும்."